பட்டினப்பாலையின் முன்றிலும் சிப்பாங்கின் முனையமும்

விமான நிலையம் பற்றிய பேச்சு எழுந்தால் தமிழாசிரியர் பலர் உடனே சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை எடுத்துக்காட்டுவர். புறநானூற்றில் வானவூர்தி என்னும் சொல் வருதலையும் சேர்த்துக் கூறுவர். மாணவர் வியப்பர், மணி அடிக்கும், பாடம் முடியும். அவ்வியப்பில் தீங்கில்லை, பயனும் பெரிதில்லை. மயிற்பொறியில் ஏறியவள் விசயை ஒருத்தியே. கருவுற்ற அரசி பகைவர்க்குத் தப்ப ஏறினாள். பொறி அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்கிற்று. அங்கே அவளை எதிர்கொள்வார் இல்லை. மூட்டையைச் சோதிப்பார் இல்லை. இறங்கிய இடத்திலிருந்து ஊருக்குள் செல்ல வண்டியும் இல்லை. புறநானூற்றின் ஊர்தியோ புகழுடையோர் விண்ணுலகு புகுவதற்கு உரியது. திரும்பி வருவார்க்கு உரியதன்று. பறத்தலைப் பற்றிய கற்பனை பண்டைத் தமிழில் உண்டு என்பதற்கு இவை சான்றாகலாம். விமான நிலையத்தைப் பற்றிப் பேச இவை உதவமாட்டா. தரைவழி வந்தோர் வான்வழிக்கும், வான்வழி வந்தோர் தரைவழிக்கும் மாறுகின்ற இடம் அது. பழந்தமிழில் அதற்கு நேரானது துறைமுகமே. ஆகவே, துறைமுகத்தைப் பாடிய பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இக்காலத்து விமான நிலையங்களையும், அவற்றை விரிவாக்குவோர் பேசும் மொழியையும் ஆராய்தல் தகும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் புகழும் அப்பாட்டு, பயணம் போக மறுப்பவன் ஒருவனின் கூற்றாக அமைந்திருக்கிறது. இத்துணைச் சிறப்புடைய பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். பட்டினத்தின் வருணனை நீள நீள, வீட்டில் இருக்கும் அப்பெண்ணின் பெருமையும் கூடிக்கொண்டே போகிறது. இவ்வமைப்பை விளக்காமல் வருணனையை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் பள்ளிகளில் மிகுதி. அது நிற்க.

இங்கே வேண்டியது சரக்கு வந்திறங்கும் பகுதி. புலவர் துறைமுகத்தை அரண்மனை மாடத்திலிருந்து பார்க்கவில்லை; பண்டசாலையின் முன்றிலில் நின்று பார்க்கிறார். சுங்கம் கொள்வோர், கதிரவனின் தேர்க் குதிரைகளைப் போல, நாள்தோறும் ஓய்வின்றி உழைக்கின்றனர். கடலிலிருந்து கரைக்கு ஏறுவனவும், கரையிலிருந்து கடலுக்கு இறங்குவனவும் அளவிறந்தன. முகில் கடல்நீரை முகந்து மலையில் பொழிதலும், மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலைச் சேர்தலும் அதற்கு உவமை. பொதிகள்மேல் புலி முத்திரை பொறிக்கப்படுகிறது. பொறித்த பின்னரே அவை வெளியே செல்கின்றன. மலைபோல் குவிந்த மூட்டைகளின்மேல் ஆட்டுக்கிடாயும் நாயும் தாவி விளையாடுகின்றன. பேரரசன் ஒருவனைப் பாடும் பாட்டில், சரக்கு மூட்டையின்மேல் ஏறி நிற்கும் நாய்க்கும் இடம் கொடுத்த புலவரின் கண்ணைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. வேலை நடக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றவர்க்கே அந்த நாய் கண்ணில் படும்.

பின்னர்ப் பொருள்களின் பட்டியல் வருகிறது. கடல்வழி வந்த குதிரை, தரைவழி வந்த மிளகு மூட்டை, வடமலையின் மணியும் பொன்னும், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கையின் வளம், காவிரியின் பயன், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என்று அது விரிகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. ஆதலின் மலேசியத் தமிழ் மாணவனுக்கு அப்பட்டியல் அவன் நாட்டு வாசலிலேயே வந்து முடிகிறது. இப்பட்டியலில் ஒன்றை நோக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் ஊரோடு வருகிறது. மண்டபம் எத்தனை பேரைக் கொள்ளும், கிடங்கு எத்தனை மூட்டையைத் தாங்கும் என்னும் கணக்கு எங்குமே இல்லை. எது எங்கிருந்து வந்தது, யார் கைப்பட்டது, எவ்வழியே போயிற்று என்பதே புலவரின் கணக்கு.

இக்காலத்து விமான நிலைய விரிவாக்க அறிக்கைகளில் இக்கணக்கு அடியோடு மறைந்துபோய், 'கொள்ளளவு' என்னும் ஒரே சொல் அரியணை ஏறியிருக்கிறது. நாளிதழ்களும் அச்சொல்லை அப்படியே வாங்கித் தலைப்பில் வைக்கின்றன. நெகிரி செம்பிலான் எல்லைக்கு அருகே, சிப்பாங்கில் எழுந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வரலாற்றைக் கொண்டே இச்சொல்லின் குறையை எடுத்துக்காட்டலாம்.

சுங்கை பீசியில் இருந்த பழைய நிலையம் போதாமற்போகவே, 1965 ஆகஸ்டு 30இல் சுபாங் நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் போதாமற்போகச் சிப்பாங் வந்தது. 1998 ஜூன் 27இல், நெகிரி செம்பிலான் அரச குடும்பத்தவரும் அந்நாளைய மாமன்னருமான துவாங்கு ஜாஃபர் அதனைத் திறந்துவைத்தார். ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதாவது 10,000 ஹெக்டர். முதற்கட்டத்தின் கொள்ளளவு ஆண்டுக்கு 2 கோடியே 50 இலட்சம் பயணிகள். பிற்காலத்துக்கென்று நிலத்தை முன்னரே ஒதுக்கியது உண்மையிலேயே தொலைநோக்கு. அதனைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. சென்னை மீனம்பாக்கத்தைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அங்கே ஒருபுறம் குன்று, ஒருபுறம் ஊர், ஒருபுறம் அடையாறு. இரண்டாம் ஓடுபாதையை நீட்ட ஆற்றின்மேல் பாலம் கட்ட வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே சில நாள் மூடப்பட்டது. இப்போது பரந்தூரில் புதிய நிலையம் அமைக்க முற்பட்டு, 13 ஊர்களின் நிலத்தைத் தொட வேண்டியிருப்பதால், ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்து வருகின்றனர்.

சிப்பாங்கின் கட்டடத்தை வரைந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. அவர் கருத்து அழகியது: காட்டின் நடுவே விமான நிலையம், விமான நிலையத்தின் நடுவே காடு. தனித்து நிற்கும் துணைக் கட்டடத்தின் நடுவில் மழைக்காட்டு மரங்களைக் கொணர்ந்து நட்டு, அதனைச் சுற்றிப் பயணிகள் நடக்குமாறு செய்தார். முதன்மைக் கட்டடத்தின் கூரை, வரிசையாய் நிற்கும் தூண்களின்மேல் வளைந்த ஓடுகளாய்ப் படிந்திருக்கிறது. பகல் ஒளி தாராளமாய் உள்ளே வருகிறது. கட்டடக் கலை என்ற அளவில் இது நல்ல படைப்பு. ஆயினும் இப்படைப்பு நிலத்தைப் படித்த முறையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. விமானங்கள் வருமுன் அங்கே இருந்தது கன்னிக் காடு அன்று. பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். காட்டுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே தோட்டம் என்னும் காலம் ஒன்று உண்டு. மரம் நட்டவர், பால் எடுத்தவர், குலை வெட்டியவர், வடிகால் தோண்டியவர் ஆகியோரின் காலம் அது. கண்ணாடிக்குள் காட்டை வைத்துக் காட்டிய கலைஞர், செம்பனையில் ஒரு மரத்தையாவது வைத்துக் காட்ட நினைக்கவில்லை. கட்டடத்தின் பொருளைத் தேடுவோர்க்கு இந்த விடுபாடு முதன்மையானது.

அதே பத்தாண்டில் பக்கத்திலேயே புத்ராஜெயா எழுந்தது. அதற்காகப் பிராங் புசார், கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி என்னும் நான்கு தோட்டங்கள் கலைந்தன. அவற்றின் தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பிராங் புசார் என்பதன் பொருள் பெரும் போர். முதல் உலகப் போர் முடிந்தபின் அப்போரில் பணியாற்றிய ஆங்கிலேயர் சிலர் தொடங்கிய தோட்டமாதலின் அப்பெயர். உலகெங்கும் ரப்பர் பயிரிடுவோர் அறிந்த பி.பி. 86, பி.பி. 260 முதலிய உயர்வகைக் கன்றுகளின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் அத்தோட்டத்தின் தலைப்பெழுத்துகளே. ஒரு தோட்டத்தின் பெயர் உலகத்து ரப்பர் நூல்களில் எல்லாம் வாழ்கிறது; அதே தோட்டத்தில் அக்கன்றுகளைப் பேணியவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. காழகத்து ஆக்கத்தைக் காழகத்தின் பெயரோடு சொன்ன பழம்புலவர் இவ்வகையில் நேர்மையானவர்.

தோட்டத்துக்கும் முற்பட்டவர் கதை நீதிமன்றம் வரை சென்றது. விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995இல் டிங்கில் அருகே புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பழங்குடியினரின் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. நிலத்துக்கு விலை இல்லை. மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே இழப்பீடு என்றனர். சாகோங் தாசியும் அவருடன் அறுவரும் வழக்குத் தொடுத்தனர். 2002இல் உயர்நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்த்தன. 2010இல் 65 இலட்சம் வெள்ளியில் வழக்கு முடிந்தது. 38 ஏக்கருக்கு 15 ஆண்டு. அந்தச் சாலையின் கொள்ளளவைச் சொல்லும் எந்த அறிக்கையிலும் இக்கணக்கு வராது.

இனி, கொள்ளளவு என்னும் சொல்லையே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணைக்குக் கொள்ளளவு உண்டு. வாய்க்காலுக்கு ஓட்டம் உண்டு. அணை நிரம்பியிருந்தும் மதகு அடைபட்டால் கடைமடை காயும் என்பதை உழவன் அறிவான். விமான நிலையம் அணையன்று, மதகு. பயணி அங்கே தங்க வருவதில்லை, கடக்க வருகிறான். கடக்கும் இடத்தைத் தங்கும் இடத்தின் அளவையால் அளந்தால் எப்படிச் சரியாகும்? அளப்பது எளிது என்பதற்காக அளவுகோலைத் தேர்ந்தெடுத்தது போலிருக்கிறது.

சிப்பாங்கில் 2006 மார்ச்சில் மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று ஒரு தனி முனையம் திறக்கப்பட்டது. கொள்ளளவு 1 கோடி. பிறகு 1 கோடியே 50 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எண்ணைப் பார்த்தால் வெற்றியே. வழியைப் பார்த்தாலோ வேறு. முதன்மை முனையத்திலிருந்து அது ஓடுபாதைக்கு அப்பால் இருந்தது. சாலைவழி சுற்றிச் செல்ல ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து வரும் ரயில் அதனைத் தொடவில்லை. சாலாக் திங்கியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். விமானத்துக்குச் செல்ல மூடிய பாலம் இல்லை. மழையானால் குடை பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நடக்க வேண்டும். 2008 இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கு ஏர் ஏசியா விமானம் ஓடத் தொடங்கியது இந்த முனையத்திலிருந்துதான். தோட்டத்து முதியவர் பலர் பிறந்த ஊரையோ பெற்றோர் ஊரையோ காணப் போனது இவ்வழியே. அவர்களுக்கு விமானப் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் இருந்த மாறுதல்களே பயணத்தின் பாதி.

இத்தகைய குறைகளைத் தீர்க்க 2014 மே 2இல் இரண்டாம் பெருமுனையம் திறக்கப்பட்டது. கொள்ளளவு 4 கோடியே 50 இலட்சம். செலவு முதலில் எண்ணியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகி 400 கோடி வெள்ளியை எட்டியது. ரயில் வந்தது, பாலம் வந்தது, ஓடுபாதை மூன்றாயிற்று. ஆனால் விமானங்கள் நிற்கும் தளத்தில் மண் ஒரு சீராய் அமையாமல் தாழ்ந்து நீர் தேங்குவது பற்றித் திறந்த நாளிலிருந்தே முறையீடுகள் எழுந்தன. சதுப்பு நிலத்தின் இயல்பு அது. வடிகால் வெட்டி நீரை இறக்கினால் மண் அமுங்கும். அமுங்கிய பிறகு மீண்டும் வெட்ட வேண்டும். தாழ்நிலத்தில் செம்பனை வைத்த எந்தத் தோட்டத்துத் தண்டலும் இதனைச் சொல்லியிருப்பார். அவரைக் கேட்கும் வழக்கம் இல்லை.

முதன்மை முனையத்துக்கும் துணைக் கட்டடத்துக்கும் இடையே ஓட்டுநர் இல்லாத சிறு ரயில் ஒன்று 1998 முதல் ஓடியது. குரோகாவாவின் திட்டம் முழுவதும் அந்த ரயிலை நம்பியே நிற்கிறது. அது இல்லையேல் துணைக் கட்டடம் ஒரு தீவு. 2023 மார்ச் 1இல் ரயில் இடைவழியில் நின்றுவிட, உள்ளிருந்தோர் பாதையில் இறங்கி நடந்தனர். அன்றோடு சேவை நிறுத்தப்பட்டுப் புதிய ரயில் 2025 ஜூலை 1இல்தான் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டுக்கு மேலாகப் பன்னாட்டுப் பயணிகள் பேருந்தில் ஏற்றிக்கொண்டு செல்லப்பட்டனர். இக்காலம் முழுவதும் அறிக்கையில் நிலையத்தின் கொள்ளளவு ஓர் ஆள்கூடக் குறையவில்லை! மூட்டுவாய் முறிந்தபோதும் உடம்பின் எடை மாறாதது போல.

இது சிப்பாங்குக்கு மட்டும் உரிய குறையன்று. சிப்பாங் திறந்த முதல் நாட்களில் கணினித் தடங்கலால் பயணிகளின் பெட்டிகள் தாமதமாயின. வெளிநாட்டு ஏடுகள் நகைத்தன. அடுத்த வாரமே, 1998 ஜூலை 6இல், ஹாங்காங்கின் செக் லாப் கோக் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே சரக்கு முனையத்தின் தானியங்கிப் பொறி முழுவதும் நிலைகுலைந்தது. பொதி எங்கே இருக்கிறது என்பதைப் பொறியும் அறியவில்லை, ஆளும் அறியவில்லை. மூடிவிட்ட பழைய காய் டாக் நிலையத்தின் சரக்குக் கிடங்கை மீண்டும் திறந்து வேலையை நடத்தினர். உலகின் மிகப் பெரிய சரக்கு முனையங்களுள் ஒன்று, அளவு குறைந்ததால் அல்ல, ஒரு பொதியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற இயலாததால் நின்றது.

ரந்தாவ் வட்டாரத்துக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. சிரம்பானிலிருந்து சிலியாவ் வழியே போர்ட் டிக்சனுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1891இல். ஈயம் முதலில், ரப்பர் பின்னர். பாதையும் துறையும் ஒரே வேலையின் இரண்டு முனைகளாய் எண்ணப்பட்டன. சிப்பாங் நிலையமோ 1998இல் திறந்தது. தலைநகரத்திலிருந்து அதற்கு ரயில் ஓடியது 2002இல். பின்னாளில் அப்பழைய பாதை கைவிடப்பட்டது. வந்த நோக்கம் தீர்ந்தது. துறை முதலா வழி முதலா என்ற வினாவுக்கு அக்காலத்து வணிகர், அவர்தம் பேராசை எதுவாயினும், தெளிவான விடை வைத்திருந்தனர்.

சரக்கைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஏனெனில் செய்திகளில் அது வால் போல இறுதி வரியில் தொங்குகிறது. "பயணிகளுக்கும் சரக்குக்கும் வசதிகள் விரிவாக்கப்படும்" என்று ஒரு தொடர். பிறகு பத்து வரி கடைகளையும் உணவகங்களையும் பற்றி. உலக வாணிகத்தில் விமானம் சுமப்பது எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதில் ஏறக்குறையப் பாதி, தனிச் சரக்கு விமானத்தில் போவதன்று. பயணிகள் அமர்ந்திருக்கும் தளத்துக்குக் கீழே, விமானத்தின் வயிற்றில் போவது. திருச்சியிலிருந்து மகனைப் பார்க்க வரும் தாயின் காலடியில் கோயிலுக்கு வரும் மல்லிகை இருக்கலாம். ஆதலின் பயணி வேறு, சரக்கு வேறு என்று இரண்டு தலைப்பாய்ப் பிரித்து எழுதுவது விமானத்தின் வயிற்றைப் பார்க்காதவர் எழுத்து. 2019இல் சிப்பாங்கைக் கடந்த பயணிகள் 6 கோடியே 23 இலட்சம். 2020இல் 1 கோடியே 31 இலட்சம். பயணிகள் நின்றதும் சரக்குக்கு இடமும் நின்றது. உலகெங்கும் விமான நிறுவனங்கள் இருக்கைகளின்மேலே முகக்கவசப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு பறந்த காட்சி அப்போதுதான் காணக் கிடைத்தது.

சரக்கு முனையத்தில் நடக்கும் வேலை நுண்ணிய வேலை. பொதியை எடைபோட்டு, கதிர்ப்படம் எடுத்து, சுங்கம் முடித்து, பலகைத் தட்டில் விமானத்தின் வயிற்று வளைவுக்கு ஏற்ப அடுக்கி, வலை போர்த்தி இறுக்க வேண்டும். எந்தத் தட்டு முன்னே, எது பின்னே என்பதில் விமானத்தின் நிறை சமன் அடங்கியிருக்கிறது. தவறினால் விமானம் எழும்போதே ஆபத்து. புகையிட்ட ரப்பர் ஷீட்டுகளைப் பொதியாகக் கட்டி, மேலே பூச்சுப் பூசி, தரத்தையும் தோட்டத்தையும் காட்டும் குறியைப் பொறித்து அனுப்பிய தலைமுறைக்கு இவ்வேலை அயலானதன்று. புலி முத்திரை, பொதிக்குறி, இன்றைய கோட்டுக் குறியீடு மூன்றும் ஒரே வினாவுக்கு விடை சொல்கின்றன: இது யாருடையது, யார் பார்த்து அனுப்பியது? தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று நீலாயிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு இவ்வேலைக்குச் செல்கின்றனர். பாட்டனின் தோட்ட நிலம் விமான நிலையமாயிற்று. பேரன் அங்கே பொதி அடுக்குகிறான். இதனைத் தமிழில் சிறுகதையாக எழுதுவோர் விமானம் ஏறுபவனையே எழுதுகின்றனர். வழியனுப்பும் கண்ணீர், கண்ணாடிச் சுவர், கையசைப்பு, இவ்வளவே பெரும்பாலும். சரக்கு முனையத்துக்குள் நுழைந்த கதை அரிது.

2017இல் சீனாவின் அலிபாபா நிறுவனத்தோடு சேர்ந்து மின்வணிகத் தடையில்லா வட்டாரம் அறிவிக்கப்பட்டு, அதன் சரக்கு மையம் 2020இல் சிப்பாங்கில் வேலை தொடங்கியது. இவ்வறிவிப்புகளில் 'மையம்' என்னும் சொல் படும் பாடு பெரிது. சிங்கப்பூரும் மையம், பேங்காக்கும் மையம், சிப்பாங்கும் மையம், பினாங்கும் மையம். எல்லா ஊரும் மையமானால் சுற்றளவு எங்கே? நல்ல கணக்காசிரியர் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்ட இயலாது.

சொல் பற்றி இன்னும் ஒன்று. முனையம் என்னும் சொல் இன்று நிலைத்துவிட்டது. 2023இல் சிப்பாங்கின் இரு கட்டடங்களுக்கும் அதிகாரமுறையிலேயே முனையம் 1, முனையம் 2 என்று பொருள்படும் பெயர் வந்தது. முனை என்பது முடிவு. அங்கே எதுவும் முடிவதில்லை என்பதே இதுவரை கூறியது. துறை என்பது பழைய சொல். இறங்குவதற்கும், ஏறுவதற்கும், கடப்பதற்கும் உரிய இடம். நீராடு துறை, படகுத் துறை, துறைமுகம் என்பவற்றில் எல்லாம் கடத்தல் என்னும் பொருள் உயிரோடு இருக்கிறது. ஆயினும் அரசாங்கத்தின் ஒவ்வொரு பிரிவும் 'துறை' ஆகிவிட்ட இந்நாளில் வான்துறை என்றால் அலுவலகம் ஒன்றையே மக்கள் எண்ணுவர். அச்சொல்லை மீட்பது எளிதன்று. மலாய்மொழி 'லப்பாங்கான் தெர்பாங்' என்று பறக்கும் திடலைச் சொல்கிறது. அதில் நிலமாவது நினைவிருக்கிறது. மாணவர்க்கு இம்மூன்று சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, எது எதனை மறைக்கிறது என்று கேட்கலாம். மயிற்பொறியைக் காட்டுவதைவிட அம்மணி நேரம் பயன்படும்.

விரிவாக்கம் இப்போது மீண்டும் சுபாங்குக்குத் திரும்பியிருக்கிறது. 1998இல் சிப்பாங்குக்கு வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய அப்பழைய நிலையத்தை, ஆண்டுக்கு 15 இலட்சம் பயணிகள் என்னும் நிலையிலிருந்து 80 இலட்சமாக உயர்த்தும் திட்டத்துக்கு 2023 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 80 இலட்சம் என்னும் எண் எல்லா ஏடுகளிலும் தலைப்பாயிற்று. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து சுபாங் முனையத்துக்கு 2018 மே முதல் ஓடிய ரயில் சேவை நிறுத்தப்பட்டதும் அதே 2023 பிப்ரவரியில்தான். 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் விமானங்கள் சுபாங்குக்குத் திரும்பி வந்தபோது, ரயிலில் வந்து ஏறுவார்க்கு வழி இல்லை.